இடப்பக்கம்

கொப்புளிப்பான் காய்ந்து உதிர்ந்து
தலைக்குத் தண்ணீர் வார்த்துப் பதினாறாம் நாள்
காதுக்குள் குத்துது என்றாள் ஷிம்னா.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மடலின் குழிக்குள் நாலைந்து கொப்புளம்,
கணக்கில் வராமல் தங்கிவிட்டவை.

மறுநாள் காலை
வாய் கொப்பளித்த தண்ணீர்
இடது கடைவாயால் தானாக வழிந்தது.
விளையாடுகிறாள் என்று
முதுகில் ஒன்று போட்டேன்.
அந்த அடி இன்னும் என் கையில் கிடக்கிறது.

அழுதாள்.
பாதி முகம்தான் அழுதது.
மற்றப் பாதி
ஒன்றும் கேள்விப்படாத பக்கத்து வீட்டுக்காரர்போல
சும்மா இருந்தது.

அபாயா தைக்கிறவள் நான்.
ஓரத்து நூலைப் பிடித்து இழுத்தால்
துணி முழுக்க அந்தப் பக்கம் சுருங்கி ஓடும்.
அப்படி வலப்பக்கம் ஓடியது அவள் வாய்.
இழுக்கிற பக்கம்தான் பிழையென்று நினைத்து
வலது கன்னத்துக்கு எண்ணெய் போட்டு
உருவு உருவென்று உருவினேன்,
நல்ல பக்கத்தை.

"காத்துப் பட்டிருக்கு, ஓதிப் பாருங்க"
என்றாள் அடுத்த வளவு றலீனா.
ஓதவும் செய்தோம், ஓட்டோவும் பிடித்தோம்.
காத்தான்குடி மெயின் றோட்டின்
பேரீச்ச மரங்களை எண்ணிக்கொண்டு வந்தவள்
கல்லடிப் பாலத்தில் எண்ணிக்கையை விட்டாள்.
வாவிக் காற்று.
மூட முடியாத கண்ணுக்குக் காற்றும் கல்தான்.
பாலம் முடியும்வரை
என் உள்ளங்கை அவளுக்கு இமை.

போதனா வைத்தியசாலையில் டொக்டர் சின்ன வயது.
"கண்ண மூடுங்கோ. பல்லக் காட்டுங்கோ.
கன்னத்த ஊதுங்கோ பாப்பம்."
ஊதிய காற்று
பஞ்சர் போன சைக்கிள் டியூப்பாய்க் கசிந்தது.
கிருமி போகவில்லையாம்,
நரம்புக்குள் படுத்திருந்து எழும்பியதாம்.
காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு ஒழுங்கையாம்,
அதற்குள் வீங்கிய நரம்பு
திரும்பவும் இடமில்லாமல் நெரிபடுதாம்.
"கூடுதலா சரிவரும், அம்மா."
அந்தக் 'கூடுதலா'வை
குளிசைப் பையோடு மடித்து எடுத்துவந்தேன்.

இரவில் கண்ணுக்குக் களிம்பு, மேலே பிளாஸ்டர்.
ஒட்டுமுன் பார்ப்பேன்:
நித்திரையிலும் ஒரு வெள்ளைக் கீற்று
என்னையே பார்த்தபடி கிடக்கும்.
பகலில் மெஷின் சத்தம்
அந்தக் காதுக்கு இடி.
மிதிக்காமல் விட்டேன்.
பெருநாள் ஓடர் பதினொன்று
வெட்டின துணியாகவே கிடந்தது.

கட்டாரிலிருந்து வாப்பா எடுத்தால்
போனை அவளுக்கு வலப்பக்கம் பிடிப்பேன்.
"ஏன் புள்ள ஒருக்களிச்சே இருக்கா?"
"வெளிச்சம் அப்பிடித்தான்."
ஒன்பது நாள்
அந்த வெளிச்சத்தையே சொன்னேன்.

பத்தாம் நாள் நான் சோறு வடிக்கையில்
அவளே எடுத்துவிட்டாள்.
உதடு ரெண்டும் ஒட்டாமல்
'ப்' வராது, 'ம்' வராது.
தன் பெயரையே ஷின்னா என்கிறவள்
போனுக்கு முழு முகத்தையும் கொடுத்து,
"வாஃபா, இந்த ஃபக்கம் நித்திர" என்றாள்.

அங்கே சத்தமில்லை.
நெட் நின்றதோ, மனுசன் நின்றாரோ.
திரையில் அவர் முகம்
பாதிச் சிரிப்பில் கோணி உறைந்திருந்தது.
"வாஃபாக்கும் வந்துட்டு!"
என்று ஷிம்னா சிரித்தாள்,
வலப்பக்கம் முழுக்க.

இன்று இருபத்தாறாம் நாள்.
நெத்தலிக் கருவாடு பொரித்தேன்.
"சீ" என்று மூக்கைச் சுளித்தாள்.
இடது மூக்கோரம்
நூலளவு ஒன்று அசைந்த மாதிரி.
புகையாகவும் இருக்கலாம்.

இன்னும் நாலு கருவாட்டைச் சட்டியில் போட்டு
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
கருகுது.